தந்திக் குறியும் தமிழ்க் குறியும்

கரிசல் காட்டில் தந்தி என்றாலே இழவுச் செய்தி என்று பொருள் கொண்டவர்கள் நம் முன்னோர். தந்திச் சேவகர் தெருமுனையில் மிதிவண்டியை நிறுத்தியதும், தாளைப் பிரிக்கும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிட்ட வீடுகளைப் பற்றி ஊருக்கு ஊர் கதை உண்டு. ஆனால் தந்திக்கு இன்னொரு முகமும் இருந்தது. அது திருமண வீட்டுக்கு வரும் வாழ்த்துத் தந்தி. அதை அனுப்புபவர் வாசகம் எதையும் எழுத வேண்டியதில்லை. அஞ்சலகத்துச் சுவரில் தொங்கும் பட்டியலைப் பார்த்து, தமக்கு வேண்டிய வாழ்த்தின் எண்ணை மட்டும் படிவத்தில் குறித்தால் போதும். கம்பி வழியே அந்த எண் மட்டுமே பயணம் செய்யும். மறுமுனையில் இருப்பவர் தம்மிடமுள்ள அதே பட்டியலைப் பார்த்து, நீண்ட மணவாழ்வுக்கான வாழ்த்து வாக்கியத்தை முழுமையாக எழுதிக் கொடுப்பார்.

2013 ஜூலை 15 முதல் இந்தியாவில் தந்திச் சேவை இல்லை. ஆயினும் அந்த எண் பட்டியலுக்குள் ஒளிந்திருந்த கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு செய்தியை யார் கையில் கிடைத்தாலும் படிக்கும்படி சொல்லாகவே அனுப்புவதா? அல்லது சுருக்கிக் குறியாக்கி, பட்டியல் கையிலுள்ளவர் மட்டும் பிரித்தறியும்படி அனுப்புவதா? கணினித் துறையினர் முன்னதை உரை வடிவம் என்றும் பின்னதை இரும வடிவம் என்றும் வழங்குவர். நாம் தமிழ் கற்பிப்பவர்களேயன்றிக் கணினி கற்றவர்கள் அல்லர். எனினும் இந்தக் கேள்வி தமிழ் எழுத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அலைக்கழித்தது என்பதாலும், அந்த அலைக்கழிப்பில் நம் கையிலிருந்த ஒரு பொருளும் தொலைந்தது என்பதாலும் இதை எழுதத் துணிகிறோம்.

கதையைப் பருத்தியிலிருந்து தொடங்குவது இவ்வூருக்குப் பொருத்தம். 1876 இல் தூத்துக்குடி வரை இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி என அந்தப் பாதை கரிசலின் நடுவே ஓடியது. நம் மண்ணின் பருத்தி 'திருநெல்வேலிப் பருத்தி' என்ற பெயரோடு துறைமுகம் சென்று கப்பலேறியது. 1901 இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்ததும் இம்மண்ணில் மானாவாரியாய் விளைந்த பருத்தியையும் தானியங்களையும் முன்னிட்டுத்தான். அந்தக் காலத்துப் பருத்தி வாணிகம் தந்திக் கம்பியின் மேல் நடந்தது. லிவர்பூல் சந்தையில் விலை ஏறினால் அதைப் பிற ஊர் வணிகர் உடனே அறிந்தாக வேண்டும். கடலடிக் கம்பியிலோ ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் கடுமை. ஆகவே வணிகர்கள் குறிநூல்களை நாடினர். 'இன்ன தரத்துப் பருத்தியை இன்ன விலைக்கு வாங்கி இன்ன மாதத்தில் கப்பலேற்றுக' என்னும் நீண்ட வாக்கியத்துக்கு ஈடாக ஒரே ஒரு சொல். இரு தரப்பிலும் ஒரே நூல் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 1873 இல் வெளியான ஏ.பி.சி. குறிநூல் இவ்வகையில் புகழ்பெற்றது. 1903 இல் லண்டனில் கூடிய பன்னாட்டுத் தந்தி மாநாடு, உச்சரிக்கத்தக்கதாயிருந்தால் பத்து எழுத்து வரையிலான பொருளற்ற செயற்கைச் சொல்லையும் ஒரு சொல்லாகக் கணக்கிடலாம் என்று விதி செய்தது. வணிகர் விடுவார்களா? ஐந்தெழுத்துக் குறிச்சொற்களைப் படைத்து, இரண்டிரண்டாக ஒட்டி, ஒரு சொல்லின் கட்டணத்தில் இரண்டு வாக்கியங்களை அனுப்பத் தொடங்கினர். பெண்ட்லி என்பவரின் குறிநூல் இம்முறையில்தான் பெயர்பெற்றது.

இதன் ஆபத்தைக் காட்ட ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். அது பருத்தி வழக்கன்று, கம்பளி வழக்கு. 1887 இல் பிலடெல்பியா நகரத்துக் கம்பளி வணிகர் பிரிம்ரோஸ், கான்சாஸ் பகுதியில் இருந்த தம் முகவருக்குக் குறிமொழியில் ஒரு தந்தி கொடுத்தார். அதில் 'பே' என்றொரு சொல் வந்தது. அவர்களுடைய குறிநூலில் அதன் பொருள் 'நான் வாங்கிவிட்டேன்' என்பது. வழியில் அச்சொல் 'பை' என்று மாறிப்போயிற்று. ஆங்கிலத்தில் அதன் நேர்ப்பொருளே 'வாங்கு' என்பதாகும். மோர்சு முறையில் முதற்சொல்லின் நடு எழுத்துக்கு ஒரு புள்ளி, ஒரு கோடு. இரண்டாம் சொல்லின் நடு எழுத்துக்கு இரு புள்ளி, ஒரு கோடு. கூடுதலாக விழுந்தது ஒரே ஒரு புள்ளி. முகவர் கம்பளியை வாங்கிக் குவித்தார். வணிகருக்கு இழப்பு 20,000 டாலருக்கும் மேல். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1894 இல் வந்த தீர்ப்பு, தந்திக்குக் கட்டிய கட்டணத்தை மட்டுமே திரும்பப் பெறலாம் என்றது. அச்செய்தியை மீண்டும் ஒருமுறை அனுப்பிச் சரிபார்க்கக் கூடுதல் கட்டணம் கட்டவில்லை என்பது தந்தி நிறுவனம் காட்டிய காரணம்.

இயல்பான வாக்கியத்தில் ஒரெழுத்துப் பிழை நேர்ந்தால் படிப்பவரே திருத்திக்கொள்வார். 'அப்பா வறுகிறார்' என்று வந்தாலும் அப்பா வரத்தான் செய்வார். குறிமொழியில் அந்த இரக்கம் கிடையாது. ஒரெழுத்து மாறினால் வேறொரு முழுமையான வாக்கியம் எழுந்து நிற்கும். பெண்ட்லி முதலானோர் பின்னர் எந்த இரண்டு குறிச்சொற்களும் குறைந்தது இரண்டு எழுத்துகளிலாவது வேறுபட வேண்டும் என்று விதி வகுத்துக்கொண்டதன் பொருள் இதுவே. சிக்கனத்துக்காகக் களைந்த மிகையில் கொஞ்சத்தைப் பிழை காப்புக்காக மறுபடியும் உள்ளே சேர்க்க வேண்டியதாயிற்று.

இனி இணையத்துக்கு வருவோம். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் மின்னஞ்சலுக்கான நெறிமுறையை வகுத்தபோது, எளிய ஆங்கிலச் சொற்களையே கட்டளைகளாக வைத்தார். ஒரு கணினி மற்றொன்றுக்கு முகமன் கூறும். யாரிடமிருந்து மடல் என்று சொல்லும். யாருக்கு என்று சொல்லும். பிறகு மடலை வரிவரியாக ஒப்படைக்கும். தனி வரியில் ஒரு முற்றுப்புள்ளி வந்தால் மடல் முடிந்தது. எந்த மென்பொருளும் இன்றி, விசைப்பலகையில் தட்டச்சு செய்தே ஒரு மனிதர் அஞ்சல் கணினியோடு உரையாடலாம். கோளாறு எங்கே என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். இரண்டாண்டுகள் கழித்து, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பினர் இதற்கு மாற்றாக எக்ஸ்.400 என்ற தரத்தை 1984 இல் கொணர்ந்தனர். அது முற்றிலும் இரும வடிவம், ஒழுங்கும் கண்டிப்பும் மிக்கது, வசதிகளும் அதிகம். எனினும் உலகம் போஸ்டலின் பாமரத் தரத்தையே தழுவிக்கொண்டது. எளிதில் படிக்க முடிவதை எளிதில் செய்து பார்க்கவும் முடியும் என்பது அதற்கு ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். இதனால் இணையம் முழுவதும் உரையையே விரும்பியது என்று கொள்ளலாகாது. அதே ஜான் போஸ்டல் வட்டாரத்தில் 1983 இல் உருவான களப்பெயர் முறைமை இரும வடிவில்தான் அமைந்தது. நொடிதோறும் எண்ணற்ற முறை கேட்டுப் பதில் பெற வேண்டிய சிறு செய்திகளுக்கு அதுவே தக்கது. இடத்துக்கு ஏற்ற நீதி.

போஸ்டலின் நெறிமுறையில் நமக்கு மட்டும் ஒரு வில்லங்கம் இருந்தது. அவர் 'உரை' என்று சொன்னது ஆங்கில உரையை. ஆஸ்கி என்னும் ஏழு இலக்கக் குறிமுறையில் மொத்தம் 128 இடங்கள். எட்டாம் இலக்கத்துக்கு அந்தப் பாதையில் உரிமையில்லை. இடையிலுள்ள ஏதேனும் ஒரு கணினி அதை வெட்டி எறிந்துவிடலாம். வெட்டினால் 224 என்ற எண் 96 ஆகிவிடும். எழுத்து வேறு எழுத்தாகிவிடும். ஆக, ஆங்கிலேயருக்கு உரையாயிருந்த ஒன்று நமக்கு இரும வடிவத்தின் துன்பங்கள் அனைத்தையும் தந்தது. தமிழ் மடல் ஒன்றைச் சேதமின்றி அனுப்ப அதைப் படம் போலவோ நிரல் போலவோ மூட்டை கட்ட வேண்டியிருந்தது. 1992 இல் வந்த மைம் என்னும் தரம் இந்த மூட்டை கட்டுதலை ஒழுங்குபடுத்தியது. மூன்று பைட்டுகளை நான்கு ரோமன் எழுத்துகளாக்குவது அதில் ஒரு முறை. ஆங்கிலமல்லாத ஒவ்வொரு பைட்டையும் சமக்குறியோடு மூன்று எழுத்தாக விரிப்பது மற்றொரு முறை. அக்காலத்து மடற்குழுக்களில் இருந்தவர்களுக்குத் திரை முழுதும் சமக்குறிகள் பூச்சி பூச்சியாய் ஊர்ந்த காட்சி மறந்திராது.

அந்நாளில் பலரும் மேற்கொண்ட எளிய வழி தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவது. எந்தக் கணினியிலும் அது படிக்கக் கிடைத்தது. லகர, ளகர, ழகரங்களுக்குச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, கடைசி எழுத்து என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். இலக்கணம் அறிந்தோர் அதைக் கண்டு முகம் சுளித்தனர். ஆனால் கம்பியில் எதுவும் சிதையவில்லை என்ற ஒரு நன்மையை நாம் மறுக்க முடியாது. கனடாவில் சீனிவாசன் ஆக்கிய 'ஆதமி' போன்ற செயலிகள் இந்த ரோமன் உரையை வாங்கித் தமிழாக மாற்றிக் காட்டின. பயணம் ரோமனில், தரிசனம் தமிழில்.

அடுத்து வந்தவை எட்டு இலக்க எழுத்துருக்கள். ஆளுக்கொரு பட்டியல்! சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ஒன்றும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ஒன்றும், 1995 இல் சிங்கப்பூர்க் கவிதைகளுக்கான வலைத்தளத்தில் தமிழை ஏற்றிய நா. கோவிந்தசாமி ஒன்றும் எனத் தத்தம் வழியில் உழைத்துக்கொண்டிருந்தனர். அதே 1995 இல் பாலா பிள்ளை ஆஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழு இவர்களையும் இன்னும் பலரையும் ஒரே திண்ணையில் அமர வைத்தது. அங்கே நடந்த நெடிய வாதங்களின் விளைவே திஸ்கி. ஆங்கிலத்தின் 128 இடங்களைத் தொடாமல், மேற்பாதியில் தமிழை அமர்த்திய பட்டியல் அது. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் வேறிரண்டு பட்டியல்களைத் தமிழக அரசு ஏற்றது. ஒன்று போதாதென்று மூன்று. இவற்றோடு ஒவ்வொரு நாளிதழும் அச்சகமும் வைத்திருந்த சொந்தப் பட்டியல்கள் தனி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒரு குறிமுறையிலிருந்து இன்னொன்றுக்கு, பின்பு திஸ்கிக்கு, அப்புறம் யுனிகோடுக்கு என்று மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியதாயிற்று. ஊதியமின்றி இதைச் செய்தவர்களின் பொறுமையை எத்தனை போற்றினும் தகும்.

யுனிகோடு 1991 இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் இஸ்கி அட்டவணையைப் பின்பற்றியதால் அவற்றில் பல இருக்கைகள் வெற்றிடமாயின. இடங்கள் காலியாயிருக்க, உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை என்ற மனக்குறை தமிழறிஞரிடையே எழுந்தது. அதைவிடக் கூர்மையான குற்றச்சாட்டு பருமன் பற்றியது. நம் ஊர்ப் பெயரையே எடை போட்டுப் பார்ப்போம். 'கோவில்பட்டி' என்பது ரோமன் எழுத்தில் 10 பைட். திஸ்கியில் 9. யுனிகோடில் இதற்குப் 11 குறிகள் வேண்டும். குறிக்கு இரண்டு பைட் கொள்ளும் யு.டி.எஃப்.-16 வடிவில் 22. குறிக்கு மூன்று கொள்ளும் யு.டி.எஃப்.-8 வடிவில் 33. அதையே மின்னஞ்சலுக்காக மூன்றுக்கு நான்காய் மூட்டை கட்டினால் 44. சமக்குறி முறையில் கட்டினால் 99! உயிர்மெய்க்கெல்லாம் தனி இடம் தரும் டேஸ்-16 என்ற பட்டியலில் இப்பெயர் ஆறே குறிகள், 12 பைட். 2010 ஜூனில் தமிழக அரசு யுனிகோடையும் டேஸ்-16 ஐயும் ஒருங்கே தரமாக அறிவித்தபோது இந்தக் கணக்குகள் மேடைதோறும் முழங்கின. கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஒரு செய்திக்கு இடம் 140 பைட். ஆங்கிலத்துக்கு அது 160 எழுத்து, நமக்கு 70 குறி. அந்த 70 இலும் புள்ளியும் கொக்கியும் தனித்தனியே கணக்கில் சேரும்.

கணக்கு பொய்யன்று. ஆயினும் பருமனை மட்டும் பார்த்தவர்கள் கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றின் மேசைத் தாளில் வரைந்த அந்த யு.டி.எஃப்.-8 வடிவத்தின் நுட்பத்தை எண்ணிப் பார்க்கவில்லை என்றே சொல்வோம். அதில் ஒவ்வொரு எழுத்தின் முதல் பைட்டும், தான் முதல் என்பதையும் தன்னைத் தொடர்ந்து எத்தனை வரும் என்பதையும் தன் உடம்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. தொடர் பைட்டுகளும் தாம் தொடர்பவை என்று சொல்லிக்கொள்கின்றன. வழியில் ஒரு பைட் தொலைந்தால் ஓர் எழுத்து மட்டும் கெடும். அடுத்த எழுத்து தன்னைத்தானே மீட்டுக்கொள்ளும். இரண்டிரண்டாய் எண்ணும் வடிவத்தில் ஒரு பைட் தொலைந்தால் அதன்பின் அனைத்தும் ஓரிடம் நகர்ந்து குப்பையாகும். பிரிம்ரோஸ் இழந்த 20,000 டாலரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். மேலும் பழைய ஆங்கில உரை எதுவும் ஓரெழுத்தும் மாறாமல் அப்படியே யு.டி.எஃப்.-8 ஆகவும் இருக்கிறது. ஆகவே ஏழு இலக்கக் காலத்துக் கருவிகள் பலவும் இதைக் கண்டு மிரளவில்லை. பருமனையோ சுருக்கும் நிரல்கள் பெரிதும் கரைத்துவிடுகின்றன. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே முதல் பைட்டுடன் தொடங்குவதால் சுருக்குவதற்கு அது தோதாகவும் இருக்கிறது.

இனி நம் சொந்தக் கதை. 2002 இல் முதுகலை மாணவர்களாயிருந்தபோது, எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒப்பாரியும் கும்மியும் களையெடுப்புப் பாட்டும் சேகரித்துத் திரிந்தோம். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களை அகராதியாக்கி 1982 இல் தந்திருந்ததும், இடைசெவல் இத்தனை அருகில் இருந்ததும் எமக்கு ஒரு வெறியை ஊட்டியிருந்தன. பாடிக்கொடுத்தவர்களில் முதன்மையானவர் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "யய்யா, இம்புட்டையும் அந்தப் பொட்டிக்குள்ள வச்சிட்டா, நாளைக்கு நாங் கேட்டா அது திருப்பிச் சொல்லுமா?" "சொல்லும் பாட்டி" என்றோம்.

51 பாடல்களையும் ஓர் அச்சுக்கூடத்தில் தட்டச்சு செய்வித்து இரண்டு நெகிழ்வட்டுகளில் வாங்கி வைத்தோம். நூலாக்கும் எண்ணம் வேலை தேடும் அலைச்சலில் தள்ளிப்போயிற்று. 2011 இல் வட்டுகளைத் திறந்தபோது அந்த அச்சுக்கூடம் இல்லை. அதன் எழுத்துருவும் எங்கும் கிடைக்கவில்லை. முதல் வட்டில் 37 பாடல்கள் வெறும் உரைக் கோப்பாக இருந்தன. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் நாணயக் குறிகளுமாய் ஒரே அமளி. ஆனால் பட்டியல்தான் தொலைந்திருந்தது, வரிசை தொலையவில்லை. சில பாடல்களின் பல்லவி நமக்கு மனப்பாடம். ஒரே குறி மீண்டும் மீண்டும் வரும் இடங்களைப் பல்லவியோடு பொருத்தினோம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும் என்ற ஒழுங்கு துணைக்கு வந்தது. தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு குறிக்கும் எதிரே எழுத்தை நிரப்பிக்கொண்டே போனோம். ஏறக்குறைய மூன்று வாரம். கல்வெட்டுப் படிப்போர் அடையும் இன்பத்தில் சிறிதேனும் அப்போது எமக்குக் கிட்டியது. பிறகு நண்பர் ஒருவர் அந்தக் கட்டத்தை நிரலாக்கி, 37 பாடல்களையும் ஒரே நொடியில் யுனிகோடாக்கித் தந்தார்.

இரண்டாம் வட்டு அப்படியன்று. அதில் 14 பாடல்களைப் பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றின் கோப்பாகச் சேமித்திருந்தனர். அது இரும வடிவம். எந்த எண் எழுத்தைக் குறிப்பது, எந்த எண் பக்கத்தின் ஓர அளவைக் குறிப்பது என்பது அந்த மென்பொருளுக்கு மட்டுமே தெரியும். நாம் கண்டுபிடித்த கட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே தேடினால் பாலைவனத்தில் தடம் போல ஆங்காங்கே இரண்டடி, மூன்றடி தமிழ் தென்படும். பிறகு பக்கக் கணக்குகளின் மணல். எந்த அடி எந்தப் பாட்டுக்கு உரியது என்பதற்குச் சான்றில்லை. மூன்று பாடல்களை ஒருவாறு கோத்தெடுத்தோம். அவற்றிலும் அடிகளின் வரிசை நம் ஊகமேயன்றிப் பாட்டியுடையதன்று.

வலையின் இன்றைய போக்கு இன்னொரு திசையில் செல்வதையும் சொல்லிவிட வேண்டும். உரையாகவே பேசி வந்த வலை நெறிமுறை, 2015 மே மாதம் வெளியான எச்.டி.டி.பி. இரண்டாம் பதிப்பில் இரும வடிவத்துக்கு மாறிவிட்டது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஒன்பது பைட் கொண்ட கண்டிப்பான முத்திரை. 2022 இல் தரமான மூன்றாம் பதிப்பும் அவ்வழியே. ஒரே இணைப்பில் பல கோப்புகள் கலந்து வர வேண்டிய காலத்தில், உரையை வரிவரியாகப் படித்துப் பொருள் கொள்வது தாமதம். ஒரே வரியை இரு கணினிகள் இருவிதமாகப் புரிந்துகொள்ளும் ஓட்டைகளும் அதில் இருந்தன. இதில் நமக்கு வருத்தம் ஒன்றுமில்லை. கூண்டு வண்டி போய்ப் புகைவண்டி வந்ததற்குப் பருத்தி மூட்டை வருந்துமா? அந்த முத்திரை செய்தி போய்ச் சேர்ந்த கணமே உதிர்ந்துவிடுகிறது. உள்ளிருக்கும் கட்டுரை யு.டி.எஃப்.-8 உரையாகவே இறங்குகிறது. பயணத்துக்கு ஒரு வடிவம், பாதுகாப்புக்கு ஒரு வடிவம் என்ற வேற்றுமையை அன்று அந்த அச்சுக்கூடத்தில் யாரும் எமக்குச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

பாட்டி 2006 இல் காலமானார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தி இப்போது கோவில்பட்டியில் இருக்கிறார். கடந்த ஆண்டு மீட்டெடுத்த பாடல்களை அச்சிட்டு எடுத்துச் சென்று அவரிடம் கொடுத்தோம். கோத்தெடுத்த மூன்றில் ஒன்றைப் படித்துவிட்டு, இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இடம் மாறிக் கிடக்கின்றன என்றார். எழுதுகோலை வாங்கி அம்புக்குறி போட்டுத் திருத்தித் தந்தார். மற்ற 11 பாடல்களில் எதுவும் நினைவிருக்கிறதா என்று கேட்டோம். கும்மி ஒன்றின் மெட்டு மட்டும் நினைவிருந்தது, சொல் வரவில்லை. முனகிக் காட்டினார். அதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு திரும்பினோம்.